பொறி காலி, பழத்தில் புழு: மாந்தோப்புக் கண்காணிப்பில் கோளாறு கண்டுபிடிக்கும் வழிமுறை

“பொறி கட்டினேன், மருந்தும் அடித்தேன், அப்படியும் பழத்தில் புழு.” மே, ஜூன் மாதங்களில் கிருஷ்ணகிரி, தருமபுரி மாந்தோப்புகளுக்குள் போனால் இந்தப் பேச்சைக் கேட்காமல் திரும்ப முடியாது. போன வாரம் பொறியில் எத்தனை ஈ விழுந்தது, இந்த வாரம் எத்தனை என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. பொறியையே மருந்தாக நினைப்பதால் வரும் கோளாறு இது. பழ ஈப் பொறி முதலில் கணக்குக் காட்டும் கருவி. அது காட்டும் எண்ணிக்கையைப் பழத்தோடு சேர்த்துப் படிக்காதவரை, அதைக் கட்டியதால் பெரிய பயன் எதுவும் இல்லை.

கீழே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் தோப்பில் எது நடக்கிறதோ அங்கிருந்து தொடங்கலாம். எந்த அறிகுறியாக இருந்தாலும், முதலில் ஒரு கத்தியோடு தோப்புக்குள் போய், தரையில் கிடக்கும் பழத்திலும் மரத்தில் இருக்கும் பழத்திலுமாக இருபதை அறுத்துப் பாருங்கள். அறுத்துப் பார்க்காமல் எடுக்கும் முடிவு எல்லாம் ஊகம்தான்.

பொறியைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டியது

மாம்பழ ஈக்கு நாம் வைக்கும் கவர்ச்சிப் பொருள் மெத்தைல் யூஜினால். இதன் கதை நம் நாட்டிலேயே தொடங்கியது. பிகார் மாநிலம் பூசாவில் இருந்த வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய பூச்சியியலாளர் ஹவ்லெட், சிட்ரோனெல்லா எண்ணெயைத் தேடிப் பழ ஈக்கள் வருவதை 1912இல் பதிவு செய்தார். 1915இல் அந்த ஈர்ப்புக்குக் காரணம் மெத்தைல் யூஜினால் என்று காட்டினார். வந்தவை ஆண் ஈக்கள் என்பதுதான் அதில் நமக்கு முக்கியமான செய்தி.

நூறு ஆண்டுக்குப் பிறகும் அது மாறவில்லை. பொறியில் விழுவது ஆண். பழத்தைக் குத்தி முட்டையிடுவது பெண். ஆணை வைத்துப் பெண்ணின் நடமாட்டத்தை ஊகிக்கிறோம் என்பதை மறக்கும்போதுதான் கீழே வரும் குழப்பங்களில் பாதி பிறக்கிறது.

நம் பகுதியில் இந்தப் பொறிக்கு வருபவை முக்கியமாக மூன்று: பாக்ட்ரோசெரா டார்சாலிஸ், பாக்ட்ரோசெரா சொனாட்டா, பாக்ட்ரோசெரா கரெக்டா. மா, கொய்யா, சப்போட்டா என்று எதையும் இவை விட்டுவைப்பதில்லை. தோலுக்கு அடியில் இட்ட முட்டை இரண்டு மூன்று நாளில் பொரிகிறது. புழு சதையைத் தின்று, ஒரு வாரம் பத்து நாளில் பழத்தைவிட்டு மண்ணில் இறங்குகிறது. மேல்மண்ணிலேயே, சில சென்டிமீட்டர் ஆழத்தில், நெல்மணி அளவுள்ள பழுப்புக் கூட்டுப்புழுவாகி, மறுபடி ஒரு வாரம் பத்து நாளில் ஈயாக வெளியே வருகிறது. கோடையில் ஒரு மாதத்துக்குள் ஒரு தலைமுறை முடிந்து அடுத்தது தொடங்கிவிடும்.

அறிகுறி: பொறி காலியாக இருக்கிறது, பழத்தில் புழு இருக்கிறது

இதுதான் மிக அதிகமாக வரும் சிக்கல். காரணங்களும் அதிகம். வரிசையாகக் கழித்துக்கொண்டே வர வேண்டும்.

முதலில், அது பழ ஈயின் புழுதானா? பழ ஈப் புழு வெள்ளையாக, காலும் தனித்துத் தெரியும் தலையும் இல்லாமல், ஒரு முனை கூராக இருக்கும். சதைக்குள் கூட்டமாக நெளியும். முதிர்ந்ததை உள்ளங்கையில் வைத்தால் வளைந்து துள்ளும். புழு சதையில் இல்லாமல் கொட்டைக்குள் ஒன்று மட்டும், வளைந்து, பழுப்புத் தலையோடு இருந்தால் அது மாங்கொட்டைக் கூன்வண்டின் புழு. கால்கள் இருந்து, உடலில் சிவப்பு வளையங்கள் தெரிந்தால் அது காய்த் துளைப்பான். இந்த இரண்டுக்கும் மெத்தைல் யூஜினாலுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பொறி காலியாக இருப்பது அங்கே கோளாறே அல்ல.

பழ ஈப் புழுதான் என்றால், அடுத்து எந்தக் கவர்ச்சிப் பொருள் வாங்கினீர்கள் என்று பாருங்கள். பாகல், புடலை, பூசணிக்கு வரும் ஈக்கு வேறு கவர்ச்சிப் பொருள். அதன் பெயர் கியூ லூர். அதை மாமரத்தில் கட்டினால் மாம்பழ ஈ திரும்பியும் பார்க்காது. கடையில் “பழ ஈ மருந்து” என்று மட்டும் கேட்டு வாங்கினால் இது நடக்கும். இரண்டையும் ஒரே கையால் தொட்டுக் கட்டினாலும் வாசனை கலந்து, எந்தப் பொறி எதைப் பிடித்தது என்று சொல்ல முடியாமல் போகும். காய்கறியும் மாவும் சேர்ந்துள்ள தோட்டத்தில் கையுறையை மாற்றிவிட்டுத் தொடுங்கள்.

கவர்ச்சிப் பொருள் சரிதான் என்றால் அதில் வீரியம் இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. இதற்கு மூக்கை நம்பாதீர்கள். நமக்கு வாசனை தெரிந்தும் ஈக்குப் போதாமல் இருக்கலாம். சந்தேகப்படும் பொறியிலிருந்து முப்பது நாற்பது அடி தள்ளி, அதே போன்ற நிழலில், கவர்ச்சிப் பொருளில் ஊறவைத்த புதுக் கட்டை வைத்த பொறி ஒன்றைக் காலையில் கட்டுங்கள். தோப்பில் முதிர்ந்த ஆண் ஈ இருந்தால், அரை மணி ஒரு மணி நேரத்தில் புதுப் பொறியைச் சுற்றி ஈ தெரியும். புதியதில் விழுந்து பழையதில் விழவில்லை என்றால் கட்டையை மாற்றுங்கள். இரண்டிலும் விழவில்லை என்றால் கோளாறு வேறு இடத்தில்.

பஞ்சில் ஊற்றிக் கட்டும் திரவம் ஏப்ரல் வெயிலில் வேகமாகப் போய்விடும். பிளைவுட் கட்டையில் ஊறவைத்தது ஆறு முதல் எட்டு வாரம் தாங்கும். 5 சென்டிமீட்டர் சதுரக் கட்டையைச் சாராயம் (எத்தில் ஆல்கஹால்), மெத்தைல் யூஜினால், மாலத்தியான் பூச்சிக்கொல்லி மூன்றும் 6:4:1 என்ற அளவில் கலந்த கரைசலில் இரண்டு மூன்று நாள் ஊறவைப்பது வழக்கமான முறை. பழைய துண்டறிக்கைகளைப் பார்த்துக் கலப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவற்றில் இருக்கும் பென்தியான், கார்பரில் ஆகிய பூச்சிக்கொல்லிகள் 2018ஆம் ஆண்டு மத்திய அரசு ஆணையால் தடை செய்யப்பட்டவை. டைகுளோர்வாஸ் பயன்பாடு 2020 டிசம்பர் 31 முதல் தடையில் இருக்கிறது. வீட்டு அலமாரியில் பழைய புட்டி இருக்கிறது என்பதற்காக எடுத்துக் கலக்க வேண்டாம்.

கட்டையும் நன்றாக இருக்கிறது என்றால் பொறிக்குள் எட்டிப் பாருங்கள். இறக்கைத் துணுக்குகளும் கால்களும் மட்டும் கிடக்கின்றனவா? அப்படியானால் ஈ விழுந்திருக்கிறது. எறும்பு எடுத்துக்கொண்டு போய்விட்டது. பல்லியும் சிலந்தியும்கூட இந்த வேலையைச் செய்யும். தொங்கவிடும் கம்பியில் ஒரு விரல் நீளத்துக்குக் கிரீஸ் தடவுங்கள். பொறியின் மேல் இலை உரசாமல் சுற்றிலும் கவாத்து செய்யுங்கள். கிரீஸ் தடவியும் எறும்பு வந்தால், உரசும் இலை ஒன்று இன்னும் எங்கோ இருக்கிறது என்று பொருள்.

இங்கே ஒரு வேண்டுகோள். இலையைப் பின்னிக் கூடு கட்டும் முசுறு எறும்பு கடிக்கிறது என்று தோப்பு முழுவதும் மருந்தடித்து அழிக்கிறார்கள். முசுறு நடமாடும் மரத்தில் பழ ஈ உட்கார்ந்து முட்டையிடத் தயங்குகிறது என்பது பல நாடுகளில் நடந்த ஆய்வுகளில் தெரிந்த உண்மை. பொறிக் கம்பியிலிருந்து அதை விலக்கினால் போதும். மரத்திலிருந்து விரட்ட வேண்டாம். அறுவடை ஆட்களுக்குக் கடி பெரிய தொல்லைதான், மறுக்கவில்லை. அறுவடை நாளில் அந்தக் கிளைக் கூட்டை மட்டும் வெட்டி அகற்றலாம்.

பொறி தொங்கும் இடமும் முக்கியம். தரையிலிருந்து ஐந்து ஆறு அடி உயரத்தில், மரத்தின் வெளிவிளிம்புக்கும் அடிமரத்துக்கும் நடுவே, காற்றோடும் நிழலில் இருக்க வேண்டும். மொட்டை வெயிலில் தொங்கினால் கட்டை சீக்கிரம் காயும். வரப்போர வேலிக் கம்பத்தில் கட்டினால் எண்ணிக்கை எதையும் சொல்லாது. தண்ணீர் பாட்டிலில் துளையிட்டுச் செய்த பொறி என்றால், மேல்பகுதியில் எதிரெதிராக நான்கு துளையும், மழைநீர் வடிய அடியில் ஊசித் துளையும் வேண்டும். அடித்துளை இல்லாத பாட்டிலில் கோடை மழை நிரம்பி, ஈ அழுகிக் கூழாகிவிடும். கரைசலைப் பாட்டிலின் வெளிப்புறத்தில் சிந்தியிருந்தால் ஈ வெளியிலேயே உட்கார்ந்து நக்கிவிட்டு, பொறிக்கு வெளியே செத்து விழும். பொறிக்கு நேர்கீழே தரையைப் பாருங்கள், தெரிந்துவிடும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் பொறி காலி, பழத்தில் புழு என்றால், மீதமிருப்பது இதுதான்: வேறு தோப்பில் இணைசேர்ந்த பெண் ஈக்கள் உங்கள் தோப்புக்குள் வருகின்றன. இதை உங்கள் ஆண் ஈப் பொறி காட்டாது. பெண்ணும் வரக்கூடிய புரத உணவுப் பொறி ஒன்றிரண்டை எல்லையோர மரங்களில் வைத்துப் பாருங்கள். எந்தத் திசை எல்லையில் பெண் ஈ அதிகம் விழுகிறதோ அந்தப் பக்கத்துத் தோப்புக்காரரிடம்தான் பேச வேண்டியிருக்கிறது.

அறிகுறி: பொறி நிரம்பி வழிகிறது, பழம் நன்றாக இருக்கிறது

பார்த்தவுடன் பதற்றம் வரும். மருந்துக் கடைக்குப் போவதற்கு முன் இருபது பழத்தை அறுத்துவிட்டுப் போங்கள்.

மெத்தைல் யூஜினால் ஆண் ஈயை நூறு மீட்டருக்கு அப்பாலிருந்தும் இழுக்கும். பக்கத்தில் கொய்யா மரமோ சப்போட்டாத் தோட்டமோ இருந்தால் அங்கே வளர்ந்தவை உங்கள் பொறிக்கு வந்து சேரும். பிஞ்சுப் பருவத்தில் பொறி நிரம்பினால் அது வரப்போவதற்கான எச்சரிக்கை. இன்றைய சேதம் அல்ல. பெண் ஈ தேடுவது முதிர்ந்து, தோல் இளகத் தொடங்கும் காயை. அந்தப் பருவம் ரகத்துக்கு ரகம் மாறும். செந்தூரா முன்னால் வரும். கூழ் ஆலைக்குப் போகும் பெங்களூராவும் கடைசியில் வரும் நீலமும் கோடை மழைக்குப் பின்பும் மரத்தில் நிற்கும். மழைக்குப் பின் மண் ஈரத்தில் கூட்டுப்புழுக்கள் நன்றாகப் பிழைத்து, ஈயின் எண்ணிக்கை ஏறும். அதனால் பின்பருவ ரகத்துக்குத்தான் அடி அதிகம். ஒரே தோப்பில் மூன்று ரகம் இருந்தால் மூன்றுக்கும் தனித்தனியாகப் பழம் அறுத்துப் பார்க்க வேண்டும்.

எந்த எண்ணிக்கையில் நடவடிக்கை எடுப்பது என்று கேட்பார்கள். ஒரு வாரத்து எண்ணை மட்டும் வைத்து நான் முடிவு செய்வதில்லை. இரண்டு வாரம் தொடர்ந்து எண்ணிக்கை வேகமாக ஏற வேண்டும், காயும் முதிர்ச்சியை எட்டியிருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால் இறங்குங்கள். ஒன்று மட்டும் இருந்தால் பொறியைக் கவனித்துக்கொண்டிருங்கள், பணத்தைத் தெளிக்காதீர்கள்.

அறிகுறி: எண்ணிக்கை வாரத்துக்கு வாரம் தாறுமாறாக இருக்கிறது

ஈயைக் குற்றம் சொல்வதற்கு முன் நோட்டைப் பாருங்கள். ஒரு வாரம் ஏழு நாளில் எண்ணியிருப்பீர்கள், அடுத்த முறை கல்யாணம், திருவிழா என்று பத்து நாள் ஆகியிருக்கும். மொத்த எண்ணிக்கையை அப்படியே ஒப்பிடக் கூடாது. விழுந்த ஈயின் மொத்தத்தை, பொறிகளின் எண்ணிக்கையாலும் நாள்களின் எண்ணிக்கையாலும் வகுத்து, “ஒரு பொறிக்கு ஒரு நாளுக்கு எத்தனை” என்று எழுத வேண்டும்.

ஆறு பொறி, ஏழு நாள், 252 ஈ என்றால் 252 ÷ 42 = 6. அடுத்த முறை அதே ஆறு பொறி, பத்து நாள், 360 ஈ. பார்த்தால் நூறுக்கு மேல் ஏறியதுபோல் தெரியும். 360 ÷ 60 என்று வகுத்தால் அதே 6 தான். ஒரு பொறி காற்றில் விழுந்து, ஐந்து பொறியில் ஏழு நாளில் 210 விழுந்தாலும் அதே 6. மூன்று வாரமும் தோப்பில் எதுவுமே மாறவில்லை. வகுக்காமல் பார்த்தவர் இடையில் ஒருமுறை பயந்து மருந்தடித்திருப்பார், ஒருமுறை “மருந்து வேலை செய்தது” என்று மகிழ்ந்திருப்பார்.

எண்ணுவது வாரத்தில் ஒரே கிழமையாக இருக்கட்டும். ஒவ்வொரு முறையும் பொறியை முழுதாகக் கொட்டிச் சுத்தம் செய்யுங்கள். பழைய ஈ தங்கினால் மறு வாரம் இரண்டு முறை எண்ணப்படும். நூற்றுக்கணக்கில் விழுந்தால் ஒரு சின்ன மூடியில் நிறைய எத்தனை ஈ என்று ஒரு தடவை எண்ணிக்கொண்டு, பிறகு மூடிக் கணக்கில் அளக்கலாம். பொறிகளுக்கு எண் எழுதி, மரத்திலும் அதே எண்ணைக் குறியுங்கள். எந்தப் பொறியில் மட்டும் எப்போதும் அதிகம் விழுகிறது என்பது சராசரியைவிடப் பயனுள்ள தகவல். அந்த மூலையில் என்ன இருக்கிறது என்று போய்ப் பார்க்க அது வழிகாட்டும்: கேட்பாரற்ற கொய்யா மரமோ, பழக் கழிவுக் குழியோ இருக்கும்.

கண்காணிப்புக்கு வைக்கும் பொறிகளையும் கொன்று குறைப்பதற்காக வைக்கும் பொறிகளையும் ஒன்றாக்க வேண்டாம். கூட்டமாகப் பிடிக்க ஹெக்டேருக்கு 25 பொறி, அதாவது ஏக்கருக்குச் சுமார் பத்து என்று பரிந்துரைக்கப்படுகிறது. அத்தனையையும் வாராவாரம் எண்ண எவராலும் முடியாது. எண்ணுவதற்கென்று மூன்று நான்கை மட்டும் குறித்துக்கொண்டு, பருவம் முழுவதும் அவற்றை இடம் மாற்றாமல் எண்ணுங்கள்.

அறிகுறி: ஏறிக்கொண்டிருந்த எண்ணிக்கை திடீரென விழுந்துவிட்டது

மூன்று நாள் விடாமல் மழை பெய்தால் ஈ பறக்காது. வெயில் வந்ததும் எண்ணிக்கை திரும்பிவிடும். கட்டை தீர்ந்திருந்தால் எல்லாப் பொறியிலும் ஒரே மாதிரி சரிவு மெதுவாக வந்திருக்கும். புதுக் கட்டைச் சோதனை அதைக் காட்டிக்கொடுக்கும்.

மூன்றாவது காரணம் ஏமாற்றக்கூடியது. பொறிகள் ஆண்களை வாரிவிட்டதால் எண்ணிக்கை விழுந்திருக்கலாம். அதைப் பார்த்து வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் பலர். ஒரு ஆண் பல பெண்களோடு இணைசேரும். நூறில் எழுபது ஆணைப் பிடித்தாலும் மிச்சம் முப்பது போதும். ஏற்கெனவே இணைசேர்ந்த பெண் வாரக்கணக்கில் முட்டையிட்டுக்கொண்டே இருக்கும். பசிபிக் கடலில் ரோட்டா என்ற சின்னத் தீவில் மெத்தைல் யூஜினாலும் பூச்சிக்கொல்லியும் ஏற்றிய அட்டைகளை வைத்தே இந்த ஈயை 1960களில் ஒழித்துக் காட்டினார்கள். ஆனால் அது நாலாபுறமும் கடல் சூழ்ந்த தீவு, முழுத் தீவுக்கும் ஒரே நேரத்தில் செய்தார்கள். நாலாபுறமும் மாந்தோப்பு சூழ்ந்த இரண்டு ஏக்கரில் அந்தப் பலனை எதிர்பார்ப்பது நியாயமில்லை. எண்ணிக்கை விழுந்த வாரத்திலும் பழத்தை அறுங்கள்.

அறிகுறி: நிறைய விழுகிறது, ஆனால் பழ ஈயா என்று தெரியவில்லை

அழுகிய பழத்தைச் சுற்றி மொய்க்கும் மிகச் சிறிய ஈ வேறு இனம். அது சேதத்துக்குப் பின் வருவது, சேதம் செய்வது அல்ல. பழ ஈ ஏறக்குறைய வீட்டு ஈ அளவு இருக்கும். குளவியைப் போல இடை ஒடுங்கி, பழுப்பு உடலில் மஞ்சள் கோடுகளோடு, கண்ணாடி போன்ற இறக்கையை விரித்து ஆட்டும். டார்சாலிஸ் இனத்தில் இறக்கையின் முன் ஓரம் நெடுக ஒரு கரும்பட்டை ஓடும், வயிற்றின் மேல் ஆங்கில ‘T’ எழுத்தைப் போன்ற கருங்குறி இருக்கும். சொனாட்டாவுக்கு அந்தப் பட்டை இல்லை. இறக்கை நுனியில் ஒரு புள்ளி மட்டும். தோப்புக் கணக்குக்கு மூன்றையும் சேர்த்தே எண்ணினால் போதும். நன்மை செய்யும் கண்ணாடி இறக்கைப் பூச்சிகளில் சிலவும் இந்த வாசனைக்கு வரும். அவை கணிசமாக விழுந்தால் தேவைக்கு மேல் வைத்த பொறிகளைக் குறையுங்கள்.

அறிகுறி: பறிக்கும்போது நல்ல பழம், மண்டியில் புழு

வியாபாரியிடம் பெயர் கெடுவது இதனால்தான். பறித்த நாளில் முட்டையாக இருந்தது பெட்டிக்குள் புழுவாகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2014 மே 1 முதல் இந்திய மாம்பழத்துக்குத் தடை போட்டதும், சரக்கில் பழ ஈ இருந்ததைக் கண்டுதான். 2015 ஜனவரியில் தடையை நீக்கும்வரை ஏற்றுமதியாளர்கள் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது.

முட்டைத் துளை ஊசி குத்தியதுபோல் இருக்கும். அதிலிருந்து கசிந்த பால் காய்ந்து ஒட்டியிருக்கும். இரண்டு மூன்று நாளில் சுற்றிலும் தோல் பழுப்பாகி இளகும். ஆந்த்ராக்னோஸ் என்ற பூசண நோயின் கரும்புள்ளியோடு இதைக் குழப்பக் கூடாது. அந்தப் புள்ளி குழிந்து பரவும், நடுவே துளை இருக்காது.

கண்ணுக்குத் தெரியாததைக் காண ஒரு சோதனை உண்டு. அறுவடைக்குப் பத்துப் பதினைந்து நாள் முன்னால், தோப்பின் நாலு மூலையிலும் நடுவிலும் இருந்து முதிர்ந்த காய்கள் இருபதைப் பறித்து, அடியில் ஈர மணல் பரப்பிய பெட்டியில் வைத்து, வாய்க்கு மெல்லிய துணி கட்டி நிழலில் வைத்துவிடுங்கள். பத்து நாள் கழித்து மணலைச் சலித்தால் கூட்டுப்புழு இருக்கிறதா இல்லையா என்று தெரியும். ஒன்றுகூட இல்லை என்றால் நிம்மதியாகப் பறிக்கலாம். இருந்தால் அந்தச் சரக்கைத் தொலைதூரச் சந்தைக்கு அப்படியே அனுப்பாதீர்கள். பறித்த பழத்தை 48 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஒரு மணி நேரம் வெந்நீரில் வைத்தெடுப்பது உள்ளிருக்கும் முட்டையையும் இளம்புழுவையும் கொல்லும். இதில் சூடு குறைந்தால் முழுப் பலன் கிடைக்காது, கூடினால் பழம் வெந்துவிடும். வெப்பமானி இல்லாமல் கைச்சூட்டை நம்பிச் செய்யும் வேலை அல்ல இது.

அறிகுறி: எல்லாம் செய்தும் ஆண்டுதோறும் சேதம் குறையவில்லை

தரையைப் பாருங்கள். நம் பகுதியில் பூவிலேயே தோப்பைக் குத்தகைக்கு விட்டுவிடுகிறோம். உதிர்ந்த பழம் குத்தகைக்காரருக்குப் பணமாகாது; உரிமையாளர் அந்த மாதங்களில் தோப்புக்குள் வருவதில்லை. இரண்டு பேருக்கும் பொறுப்பில்லாத அந்தப் பழம்தான் அடுத்த தலைமுறை ஈயை வளர்க்கிறது. ஒரே பழத்திலிருந்து பல பத்து ஈக்கள் வரும். பொறியில் நூறு ஆணைக் கொன்றுவிட்டு, தரையில் ஐம்பது பழத்தை விட்டுவைப்பதில் என்ன பயன் இருக்க முடியும்? குத்தகைப் பேச்சிலேயே உதிர்ந்த பழத்தை யார் பொறுக்குவது என்று எழுதிக்கொள்ளுங்கள். இந்த ஒரு வரிக்காகக் குத்தகைத் தொகையில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாலும் நஷ்டமில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

வாரம் இரண்டு முறையாவது பொறுக்க வேண்டும். தாமதித்தால் புழு மண்ணுக்குள் போயிருக்கும். பொறுக்கியதை வரப்போரம் குவிப்பது பொறுக்காததற்குச் சமம். இரண்டடிக்கு மேல் ஆழமான குழியில் போட்டு மண்ணை மிதித்து மூடுங்கள், அல்லது கனத்த கறுப்பு பாலித்தீன் பையில் கட்டி வெயிலில் போடுங்கள். மாட்டுக்கு உடனே போடுவதும் நல்ல வழிதான். மரத்தடி மேல்மண்ணைக் கிளறிவிட்டால் கூட்டுப்புழு வெயிலிலும் பறவை அலகிலும் அழியும்.

பெண் ஈயைப் பிடிக்க நச்சு உணவுத் தெளிப்பு உண்டு. லிட்டருக்கு 10 கிராம் வெல்லமோ புரதக் கரைசலோ கலந்து, லேபிளில் மாவுக்கு அனுமதி உள்ள பூச்சிக்கொல்லியைச் சேர்த்து, அடிமரத்திலும் கீழ் இலைகளிலும் திட்டுத் திட்டாகத் தெளிக்க வேண்டும். பழத்தின் மேல் படக் கூடாது. முழு மரத்தையும் குளிப்பாட்டுவதற்கு எந்தத் தேவையும் இல்லை. அறுவடைக்கு எத்தனை நாள் முன்னால் நிறுத்த வேண்டும் என்பது லேபிளிலேயே இருக்கும்.

அறிகுறி: இலையில் பிசுபிசுப்பு, பிறகு கருமை, பூ கருகி உதிர்கிறது

இங்கே பழ ஈப் பொறி எதையும் சொல்லாது. இது தத்துப்பூச்சி. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பூங்கொத்தில் சாறு உறிஞ்சி, தேன் போன்ற கழிவை வெளியேற்றும். அதன் மேல் கரும்பூசணம் படியும். கருமையைப் பார்த்துப் பூசணக்கொல்லி மட்டும் அடிப்பவர்களுக்கு அடுத்த வாரமே கருமை திரும்பும்.

கண்காணிக்கப் பொறி வேண்டாம், கண் போதும். காலையில் பத்து மரத்தில், மரத்துக்கு நாலு பக்கமும் ஒவ்வொரு பூங்கொத்தை வெள்ளைத் தட்டின் மேல் தட்டி, விழும் பூச்சியை எண்ணுங்கள். மரத்தை நெருங்கும்போதே சடசடவென்று இலையில் மோதித் தாவும் ஓசை கேட்டால் ஏற்கெனவே அதிகமாகிவிட்டது. கொத்துக்குச் சராசரி ஐந்தைத் தொட்டால் மருந்து வேண்டும். கொத்து நீளும் பருவத்தில் ஒன்று, பட்டாணி அளவுப் பிஞ்சில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். பூ முழுதாக மலர்ந்த நாள்களில் மட்டும் அடிக்கவே கூடாது. மாம்பூவில் மகரந்தம் சேர்ப்பதில் பெரும்பங்கு ஈ இனங்களுடையது. தத்துப்பூச்சியோடு அவையும் செத்தால் பூ இருக்கும், பிஞ்சு இருக்காது.

பூ இல்லாத மாதங்களில் இது பட்டை இடுக்குகளில் ஒளிந்திருக்கும். நிழல் அடர்ந்த, கிளை பின்னிய பழைய தோப்பில் தொல்லை அதிகமாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். அறுவடை முடிந்ததும் கவாத்து செய்து வெயிலை உள்ளே விடுங்கள்.

அறிகுறி: பழம் நன்றாக இருக்கிறது, கொட்டைக்குள் வண்டு

கூன்வண்டு. கோலிக்குண்டு அளவுக் காயில் முட்டையிட்டுவிடுகிறது, காயத்தின் தடம் ஆறிவிடுகிறது. ஆண்டுக்கு ஒரே தலைமுறைதான். அதனால் கொட்டையை அழித்தால் அடுத்த ஆண்டின் பாதிப்பு குறையும். பருவம் முடிந்ததும் தோப்பில் கிடக்கும் கொட்டைகளைப் பொறுக்கி அழிப்பதே இதற்கான முக்கிய வேலை.

அறிகுறி: அடிமரத்தில் மரத்தூள், கிளை வாடுகிறது

தண்டுத் துளைப்பான். தூள் விழும் இடத்துக்கு மேலே துளையைத் தேடுங்கள். தூள் புதிதாக, ஈரமாக இருந்தால் புழு உள்ளே உயிரோடு இருக்கிறது. கொக்கிக் கம்பியால் இழுத்தெடுத்து, துளையைக் களிமண்ணால் அடையுங்கள். மாதம் ஒருமுறை எல்லா அடிமரத்தையும் ஒரு சுற்று பார்த்துவந்தால் மரம் சாகும் நிலைக்குப் போகாது.

இவ்வளவு பார்த்தும் பிடிபடவில்லை என்றால் வட்டாரத் தோட்டக்கலை அலுவலரிடமோ, காவேரிப்பட்டணம் அருகே பையூரில் உள்ள வேளாண் பல்கலைக்கழக மண்டல ஆராய்ச்சி நிலையத்திலோ கேளுங்கள். வெறும் கையோடு போய் “ஏதோ புழு” என்று சொன்னால் அவர்களாலும் ஊகிக்கத்தான் முடியும். புழுவில் சிலவற்றைச் சாராயத்தில் போட்டு ஒரு புட்டியிலும், புழு உள்ள பழம் இரண்டை மணல் போட்ட டப்பாவிலும், பொறியில் விழுந்த ஈக்களைக் காகிதத்தில் மடித்தும் எடுத்துப் போங்கள். எண்ணிக்கை எழுதிய நோட்டையும், கடைசியாக அடித்த மருந்தின் லேபிளையும், அடித்த தேதியையும் மறக்காதீர்கள்.